கரிசல் மண்ணில் நித்தியகல்யாணி

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் வீட்டுத் தோட்டம் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, தண்ணீர்ப் பஞ்சத்தில் எந்தப் பூச்செடி பிழைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: நித்தியகல்யாணி வையுங்கள். முழங்கால் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாமல், அடியிலிருந்தே கிளைவிட்டு அடர்ந்து, ஆண்டின் எல்லா மாதங்களிலும் பூத்து, ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை ஊற்றும் தண்ணீரிலேயே காலம் தள்ளிவிடும் செடி அது. ஆனால் இந்தப் பதிலோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் நித்தியகல்யாணி கோடையில் சாவதில்லை; ஐப்பசி, கார்த்திகையில்தான் சாகிறது. வறட்சியைத் தாங்கும் என்று கேள்விப்பட்டு வாங்கி வைத்து, அக்கினி நட்சத்திரத்திலும் அது பூத்துக் குலுங்குவதைப் பார்த்து நிம்மதியடைந்து, அடைமழை விட்ட மறுவாரமே அது கருகிச் சாய்ந்து கிடப்பதைக் கண்டு காரணம் விளங்காமல் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிவில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிக் கொஞ்சமும், தண்ணீரை வடியவிடுவதைப் பற்றி அதிகமும் எழுதுகிறேன்.

இந்தச் செடியின் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. கதராந்தஸ் என்னும் இதன் பேரினத்தில் எட்டு இனங்கள் உள்ளன. அவற்றில் ஏழு மடகாஸ்கருக்கே உரியவை. எட்டாவது இனம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. மழைக்குப் பின் புன்செய்க் காடுகளில் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களோடு முளைத்து, ஒரே பருவத்தில் ஆயுள் முடிந்துபோகும் மிளகாய்ப்பூண்டுதான் அது. நித்தியகல்யாணியின் விதை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் வழியாக லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1759இல் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். கதராந்தஸ் ரோசியஸ் என்று பெயர் மாறிப் பல தலைமுறைகள் ஆகியும் நர்சரிக்காரர்கள் இன்றும் அதை வின்கா என்றே விற்கிறார்கள். தோட்டச் செடியாக உலகம் சுற்றிய அது, வெப்பநாடுகளின் கடலோர மணலில் வேலி தாண்டிப் போய்த் தானாகவே பெருகிவிட்டது. நம் கடற்கரை ஊர்களிலும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மணல்மேடுகளில் அது நிற்பதைப் பார்க்கலாம். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணலில் தண்ணீர் நிற்பதில்லை. பெய்த வேகத்திலேயே கீழே இறங்கிவிடும். வேர் காய்வதற்குப் பழகிய அளவுக்கு, வேர் ஊறுவதற்கு இந்தச் செடி பழகவில்லை.

கரிசல் இதற்கு நேர் எதிரான மண். அதிலுள்ள களி, தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்புவிடும். பெய்த மழையை மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் மானாவாரியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் இங்கே விளைகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 650 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒன்பது மாதம் காய்ந்து கிடந்து, மூன்று மாதம் சகதியாக நிற்கும் மண்ணில் இந்தச் செடியை நேரடியாக நட்டால் அந்த மூன்று மாதத்தை அது தாண்டாது. எங்கள் பக்கத்தில் பலரும் வைக்கும் கனகாம்பரம்கூடக் கோடையில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறதே தவிர, மழைக்காலத்தில் இவ்வளவு எளிதில் மடிவதில்லை.

ஆகவே முதல் வேலை மேட்டுப்பாத்தி. தரைமட்டத்திலிருந்து ஒரு அடி உயரம் போதும். சுற்றிலும் செங்கல்லையோ உடைந்த கல்லையோ சிமெண்டு பூசாமல் அடுக்கினால் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேறும். உள்ளே நிரப்ப இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், அரைப் பங்கு நன்றாக மட்கிய தொழுவுரம் என்ற கலவை எனக்குத் திருப்தியாக இருக்கிறது. ஆற்று மணலை இதற்காகத் தேடி அலைய வேண்டாம். எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து, மாவாக இறங்குவதைத் தள்ளிவிட்டு, மேலே தங்கும் குருணையைப் பயன்படுத்தலாம். அந்த மாவோடு சேர்த்துப் போட்டால் அதுவே இறுகிப்போய் வடிகாலை அடைத்துவிடும். அடியில் ஜல்லி பரப்பிவிட்டு மேலே மண் போடும் வழக்கம் தொட்டித் தோட்டக்காரர்களிடம் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது; மேல்மண் முழுவதும் ஊறி நிறைந்த பிறகுதான் இறங்கும். அதுவரைக்கும் வேர் ஈரத்திலேயே நிற்கும். மண்ணையே பொலபொலப்பாக்குவதுதான் சரியான வழி. பாத்தியின் நடுப்பகுதி சற்றே உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்க வேண்டும். அடியில் இருப்பது கரிசல்தான் என்பதால், பாத்தியைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் தெருப்பக்கமோ வேறு பள்ளத்துக்கோ இழுத்துவிட வேண்டும். மாடியிலிருந்து மழைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்திலும், ஏசியின் தண்ணீர் சொட்டும் சுவரோரத்திலும் இந்தச் செடியை வைக்கக் கூடாது. நாள் முழுவதும் வெயில் விழும் திறந்த இடம்தான் அதற்கு உகந்தது. நிழலில் வைத்தால் கால் நீண்டு, இலை பெருத்து, பூ குறைந்துபோகும்.

விதையிலிருந்து வளர்ப்பது சிரமமில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதன் விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். கறுப்பாக, ஒரு பக்கம் நீளவாக்கில் பள்ளத்தோடு, கடுகைவிடச் சன்னமாக இருக்கும் விதை. ஒரு கிராமில் 700க்கு மேல் இருக்கும். இவ்வளவு சிறிய விதையை மேலாகத் தூவினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித் தூவினால் ஒழுங்காக முளைக்காது. விதையின் அளவைப் போலப் பத்து மடங்கு மெல்லிய மணலோடு கலந்து, நாற்றுத்தட்டில் வரிவரியாகத் தூவி, கால் அங்குலம் மண்ணால் மூடி, அதன்மேல் நனைத்த சாக்கைப் போர்த்தி வைக்க வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் வெளிறிய முளைகள் தலைகாட்டும். அன்றைக்கே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் நாற்று நூலாக நீண்டு ஒடிந்துவிடும். அதன் பிறகு தண்ணீரைத் தெளிப்பதைவிட, தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்சவிட்டு எடுத்துவிடுவது நல்லது. நாற்றுப் பருவத்திலேயே அழுகல் தொடங்கிவிடும் என்பதால் மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். முதல் ஒரு மாதம் நாற்று அசையாமல் நிற்பதாகத் தெரியும். அந்தச் சமயத்தில் உரம் போட்டு அதை அவசரப்படுத்தக் கூடாது.

எங்கள் ஊர்ப் பருவத்துக்கு, மார்கழிக் கடைசியில் விதைத்து மாசிக் கடைசியில் பாத்திக்கு மாற்றுவதையே நான் சரியான காலமாக நினைக்கிறேன். ஆடியில் விதைத்துப் புரட்டாசியில் நடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நடுகிறவருக்கு அது சௌகரியம்தான். தண்ணீர் ஊற்றும் வேலை இருக்காது. ஆனால் இளஞ்செடி வேரை ஆழமாக இறக்குவதற்குள் அடைமழை வந்துவிடும். மாசியில் நட்டால் அதற்கு முன்னால் ஏழு மாத வெயில் இருக்கிறது. பங்குனியில் மூன்று நாளைக்கு ஒருமுறையும், சித்திரையில் ஐந்து நாளைக்கு ஒருமுறையும், வைகாசி முதல் வாரத்துக்கு ஒருமுறையும் என்று தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே சோம்பிக் கிடக்கும். வறட்சியைத் தாங்கும் குணத்தை இந்தச் செடி பிறவியிலேயே கொண்டுவருகிறது என்றாலும், முதல் கோடையில் நாம் தண்ணீர் ஊற்றுகிற முறையில்தான் அது வெளிப்படுகிறது. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட வேண்டும். முதலில் பாத்தி வெறுமையாகத் தெரியும். நெருக்கி நடத் தோன்றும். நெருக்கி நட்டால் மழைக்காலத்தில் செடிகளுக்கிடையே காற்றோட்டம் இருக்காது.

எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை நாள் கணக்கைவிடச் செடியே தெளிவாகச் சொல்லும். கோடை மதியத்தில் பாத்தியின் முன் குனிந்து பார்த்தால், நடு நரம்பு வெளுத்து, மேல்புறம் பளபளக்கும் அந்த நீள்வட்ட இலைகள் எல்லாம் நடு நரம்பையொட்டி மேல்நோக்கி மடிந்து, விளிம்புகள் இரண்டும் நெருங்கி நிற்பதைக் காணலாம். வெயில் விழும் பரப்பைக் குறைத்து, உள்ளிருக்கும் ஈரத்தைச் செடி காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதைப் பார்த்துப் பதறி உடனே குழாயைத் திறந்துவிடக் கூடாது. மறுநாள் விடிந்ததும் பாருங்கள். இரவில் வேர் உறிஞ்சிய ஈரத்தில் இலை விரிந்து தட்டையாகியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை. காலை ஆறு மணிக்கும் இலை மடிந்தே இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினால் மேலோட்டமாக ஊற்றாமல் அடிவரை இறங்கும்படி ஊற்ற வேண்டும். இலைமேல் படாமல் தூரில் ஊற்றுவது முக்கியம். தாமிரபரணிக் குடிநீர் பல நாள் இடைவெளியில் வரும் எங்கள் ஊரில் அதைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. ஆழ்குழாய்த் தண்ணீரோ உப்பு. மல்லிகையும் ரோஜாவும் அந்தத் தண்ணீரில் இலை ஓரம் கருகி நிற்கும்போது, கடலோர மணலுக்குப் பழகிய நித்தியகல்யாணி ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சிலர் விடுகிறார்கள். சோப்பின் காரம் மண்ணில் ஏறிக்கொண்டே போகும் என்பதால், அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கத்துக் காற்றை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கயத்தாறு வழியாகப் பயணம் செய்திருப்பவர்கள் அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். அந்தக் காற்றில் உயரமான செடிகள் எல்லாம் கிழிந்து தொங்கும். தரையோடு தரையாக அடர்ந்து நிற்கும் இதற்கு ஒன்றும் ஆவதில்லை.

பூவைப் பற்றிச் சொல்லாமல் எப்படி. இலைக்கக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ மொட்டுகள் எழும். மொட்டின் ஐந்து இதழ்களும் மடக்கிய குடையின் துணி சுற்றியிருப்பதைப் போல ஒரே பக்கமாக முறுக்கியிருக்கும். முறுக்கு அவிழ்ந்து விரியும்போதும் ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் சற்றே சாய்ந்த வடிவிலேயே நிற்கும். இதழ்த்தட்டுக்குக் கீழே ஓர் அங்குலம் நீளமுள்ள மெல்லிய குழல். அதன் வாயை உற்றுப் பார்த்தால் ஊசி நுழையும் அளவுக்கே திறப்பு இருக்கும். மகரந்தப் பைகளும் சூல்முடியும் வெளியே தெரியாமல் அந்த வாய்க்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும். சூல்முடியில் மகரந்தத்தை ஏற்கும் பகுதி அடிப்பக்கத்தில் இருக்கிறது. மகரந்தமோ மேல்பக்கத்தில் உதிர்கிறது. தேன் குழலின் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பட்டாம்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும்தான் அது எட்டும். ஒரு பூ சில நாள் நின்று, வாடி அசிங்கமாகத் தொங்காமல் தானே கழன்று விழுந்துவிடும். பழைய பூக்களைக் கிள்ளி எடுக்கும் வேலையே இல்லாத செடி இது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டு வகையில் மூன்று நிறங்கள் உண்டு: இளஞ்சிவப்பு ஊதா, தூய வெள்ளை, நடுவில் சிவப்புக் கண்ணுள்ள வெள்ளை. நர்சரியில் இப்போது ஆரஞ்சு, அடர்சிவப்பு, இளநீலம் என்று கலப்பின வகைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் பூ பெரிது, அழகும் அதிகம்தான். ஆனால் கரிசல் வெயிலையும் உப்புத் தண்ணீரையும் நாட்டு வகை தாங்குகிற அளவுக்கு அவை தாங்குவதில்லை என்பது என் அனுபவம். வாங்கத்தான் வேண்டுமென்றால் மழைக்கால அழுகலைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட கோரா வகையைக் கேட்டு வாங்கலாம்.

மேட்டுப்பாத்தி போட்ட பிறகும் சில செடிகளில் நுனி இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். உரம் போதவில்லை என்று எண்ணி யூரியாவை அள்ளிப் போட்டுவிடக் கூடாது. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுக்கான் கல் கலந்த எங்கள் கரிசல் காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரத்தில் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. சற்றே புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் இந்தச் செடியில் அந்தக் குறை சீக்கிரமே வெளிப்படும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து சாயங்காலத்தில் இலைமேல் தெளித்தால் அடுத்துவரும் துளிர்கள் பச்சையாக வரும். நிரந்தரமான தீர்வு, செம்மண்ணும் தொழுவுரமும் சேர்த்துக்கொண்டே வருவதுதான். மற்றபடி இதற்கு உரம் அதிகம் வேண்டியதில்லை. தழைச்சத்து கூடினால் தண்டு கொழுத்து நீர் கோத்துக்கொள்ளும். அந்தத் தண்டுதான் மழையில் முதலில் அழுகும்.

இனி அந்த மழைக்காலம். அழுகலுக்குக் காரணம் பித்தியம், பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரிகள். பூஞ்சை என்று பொதுவாகச் சொன்னாலும், இவை உண்மையான பூஞ்சைகளிலிருந்து வேறுபட்ட நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தவை. இவற்றின் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அவை நீந்தியே அடுத்த வேரைச் சென்றடைகின்றன. ஈரம் வடிந்த மண்ணில் அவற்றால் நகர முடியாது. மேட்டுப்பாத்தியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் இதுதான். நோய் கண்ட செடியின் இலை முதலில் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்துப்போகும். பிறகு ஒரு கிளை மட்டும் தொங்கும். தண்டின் தூரைச் சுரண்டிப் பார்த்தால் மண்மட்டத்தில் கரும்பழுப்பு நிறம் ஏறியிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் செடியை இழக்கிறார்கள். இலை தொங்குவதைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுகிறார்கள். ஈரமண்ணில் நிற்கும் செடி வாடினால் அதற்குத் தண்ணீர்க் குறை காரணமாக இருக்க முடியாது. தண்ணீரை உறிஞ்ச வேண்டிய வேர் செத்துவிட்டது என்றே அதற்குப் பொருள். தூர் கருத்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. வேரோடும், வேரைச் சுற்றியுள்ள ஒரு கூடை மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்தக் குழியில் அந்த ஆண்டு மறுபடி நித்தியகல்யாணியை நடாமல் விடுவதுதான் மற்றச் செடிகளுக்கு நல்லது.

தடுக்கும் வேலையைப் புரட்டாசியிலேயே தொடங்கிவிட வேண்டும். நோய்க் கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை ஈரமான தொழுவுரத்தோடு கலந்து, நிழலில் இரண்டு வாரம் மூடிவைத்துப் பெருகவிட்டு, தூரைச் சுற்றி இட வேண்டும். மண்ணைத் தொடும் கீழ்க்கிளைகளைக் கத்தரித்து, தண்டின் அடி நான்கு விரல் உயரத்துக்குத் திறந்திருக்கும்படி விட்டால், மழைத்துளி மண்ணில் தெறித்து இலையில் ஒட்டுவது குறையும். கோடையில் மூடாக்காகப் போட்ட சருகையும் வைக்கோலையும் இப்போது விலக்கிவிட வேண்டும். வாய்க்காலைத் தூர்வார வேண்டும். இவ்வளவு செய்தும் தொடர்மழையில் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும். பாத்தி முழுவதும் போகாது.

பூச்சிகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தண்டையும் இலையையும் கிள்ளினால் கசியும் பாலில் நச்சு இருப்பதால் ஆடு, மாடு வாய் வைப்பதில்லை. வேலியில்லாத வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தே விரட்டிவிடலாம். பூ பச்சையாகி இலையாக மாறுவதும், இலைகள் சிறுத்துக் கொத்துக்கொத்தாக வருவதும் தத்துப்பூச்சியால் பரவும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி தரும் நோயின் அறிகுறிகள். வினோதமாக இருக்கிறதே என்று வைத்து வேடிக்கை பார்க்காமல் உடனே பிடுங்கிவிட வேண்டும். ஆனால் ஒரு விருந்தாளியை மட்டும் நான் விரட்டுவதில்லை. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் நச்சைத் தின்று வளரும் அரளி அந்துப்பூச்சியின் புழு சில ஆண்டுகளில் வந்து சேரும். விரல் தடிமனில், இளம்பச்சை உடலில், பக்கவாட்டில் வெண்புள்ளிகளோடு, வால்பக்கம் ஒரு சிறு கொம்போடு இருக்கும். தொட்டால் தலையை உள்ளிழுத்து முதுகை உப்பவைக்கும். அப்போது கறுப்பு விளிம்பிட்ட இரண்டு நீலக் கண்கள் திடீரென்று விழித்துப் பார்க்கும். அவை கண்கள் அல்ல, பறவையை மிரட்டும் புள்ளிகள். ஓர் இரவில் ஒரு கிளையை மொட்டையடித்துவிடும் என்றாலும் செடி இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும். அதற்காக மருந்து அடிப்பது தேவையில்லாத வேலை.

வாசலில் இந்தச் செடி பூத்திருந்தால், சர்க்கரைக்கு நல்லது என்று இலையும் பூவும் பறித்துப்போக அக்கம்பக்கத்தார் வருவார்கள். பூவைத் தாராளமாகக் கொடுங்கள். சாப்பிடுவதற்கென்று கேட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவிலும் இருந்தது. 1950களில் அங்கிருந்து வந்த இலையைக் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் ஆராய்ந்தார். சோதனை விலங்குகளின் ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. அந்தச் சாற்றிலிருந்து அவரோடு பணியாற்றிய சார்லஸ் பீர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. எலை லில்லி நிறுவனத்தின் ஆய்வில் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. செல் பிரியும்போது உருவாகும் நுண்குழல்களை இவை தடுத்துவிடுவதால் புற்றுச் செல் பெருக முடியாமல் நின்றுவிடுகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் இடம்பெறுகிறது. மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனை செய்து செய்து, நரம்பு வழியாக ஏற்றும் பொருள்கள் அடங்கிய இலையை, அளவு தெரியாமல் காலையில் வெறும் வயிற்றில் மெல்லுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதைக் கேட்பவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியது, வீட்டில் இதை வளர்ப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் செடியைக் கிள்ளிய கையைக் கழுவப் பழக்குங்கள்.

இந்த மருந்துகளுக்காகவும், வேரிலிருந்து எடுக்கும் அஜ்மலிசின் என்னும் மருந்துப் பொருளுக்காகவும் தென்மாவட்டங்களின் வளமில்லாத மானாவாரி நிலங்களில் இது பயிராகவே செய்யப்பட்டு, இலையும் வேரும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலையை உருவி, ஓராண்டு முடிவில் செடியை அறுத்து, வேரை உழுது எடுப்பது அதன் முறை. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் நிறுவனம் வெளியிட்ட நிர்மல், தவல் என்னும் வெள்ளைப்பூ வகைகள் அந்தச் சாகுபடிக்கானவை. தோட்டத்துக்கும் அவை பொருத்தமானவையே. சுடுகாட்டில் பூக்கும் பூ என்று சொல்லி இதை வீட்டுக்குள் சேர்க்கத் தயங்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே பூவைப் பறித்துச் சிவபூசைக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். யாரும் கவனிக்காத இடங்களிலும் தானே பிழைத்துப் பூக்கிறது என்பதற்காக ஒரு செடியை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு கத்தரிப்பு அவசியம். ஒவ்வொரு தண்டையும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். பார்க்க மொட்டையாகத் தெரிந்தாலும் மாசிக்குள் பக்கத் துளிர்கள் கிளம்பிவிடும். அந்தத் துளிர்களின் நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் செடி உயரமாகாமல் அடர்ந்து வரும். பல ஆண்டு வாழும் செடிதான் என்றாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடித்தண்டு மரத்துப்போய், இலையில்லாத கால்கள் நீண்டு, நுனியில் மட்டும் பூக்கும். அந்த நிலைக்கு வந்ததை வைத்துக்கொண்டு போராடாமல் புதிய கன்றை வைப்பதே மேல். பெரும்பாலும் அதற்காக விதைக்கவே வேண்டியிருக்காது. பூவுக்குப் பின்னால் இரட்டையாக நிமிர்ந்து நிற்கும் அங்குல நீளக் காய்கள் மஞ்சளாகி வெடித்து, பாத்தியோரத்திலும் செங்கல் இடுக்கிலும் கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கும். செங்கல் இடுக்கில் முளைத்தவைதான் மழைக்காலத்தையும் நன்றாகத் தாண்டுகின்றன.

விதை எடுத்துவைக்க விரும்புகிறவர்கள் காய் பச்சை மாறி மஞ்சளாகும்போதே, வெடிப்பதற்கு முன் காலையில் பறித்து, காகித உறையில் போட்டு நிழலில் வைத்தால் உறைக்குள்ளேயே வெடித்துவிடும். பறித்த ஆண்டிலேயே விதைத்துவிடுவது நல்லது. நாளாக ஆக முளைப்பு குறையும். மூன்று நிறங்களும் அருகருகே நின்றால் பட்டாம்பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால் வெள்ளைச் செடியின் விதையிலிருந்து இளஞ்சிவப்பும் வரலாம். நிறம் மாறாமல் வேண்டுமென்றால் தண்டு நடுவதே வழி: பூக்காத இளந்தண்டில் நான்கு அங்குலம் வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் ஊன்றி, நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். என் பாத்தியில் மூன்று நிறமும் கலந்தே நிற்கின்றன; ஆகவே விதை கேட்பவர்களுக்குக் கலப்பு விதைதான் கொடுக்க முடியும். வெள்ளை மட்டும் வேண்டுகிறவர்கள் தைக் கத்தரிப்பின்போது சொன்னால் தண்டாகவே எடுத்துவைக்கிறேன்.